பிரி

எண்ணூருக்கு நேரே, கரை பதினோரு மைல்.
அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்கு
விரல்கடை உயரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தபோது
தேசிங்கின் போட்டில் இன்ஜின் செத்தது.
வயர்லெஸ்ஸில் கூப்பிட்டோம்.
வந்து நின்றவன் அருளப்பன்.
கடல் அவ்வளவு பெரிசு, வேறு ஆளே இல்லை.
ஒரே போட்டுக்குப் பாதிப்பாதி பணம் போட்டு
பங்கு பிரிக்கையில் கேஸ் வரைக்கும் போனவர்கள் இருவரும்.
இரண்டு வருடமாய்
ஏலக் கொட்டகைக்கு ஒருவன் வந்தால்
மற்றவனுக்கு டீக்கடையில் வேலை இருக்கும்.

இழுக்கக் கயிறு வேண்டும்.
அவனிடம் வெள்ளை நைலான், இருபது பாகம்.
எங்களிடம் வெயிலில் வெளுத்த நீலம், பதினெட்டு.
அந்த வாடையில், அந்த அலைக்கு
தனித்தனியே இரண்டும் கட்டை.
ஒன்று முங்கும், ஒன்று மிதக்கும்.
இரண்டும் கட்டைவிரல் கனம்,
பத்துக்கு அந்த ஒரு பொருத்தம்தான் இருந்தது.

"முடிச்சு போடு" என்றான் தேசிங்கு
முகத்தை வடக்கே வைத்துக்கொண்டு.
அந்தப் போட்டிலிருந்து அருளப்பன் காற்றிடம் சொன்னான்:
"முடிச்சு போட்ட எடத்துல பாதி பலம் போய்டும்.
பிரிச்சுக் கோக்கச் சொல்லு."
யாரைச் சொல்லச் சொன்னான், தெரியவில்லை.
நான் உட்கார்ந்தேன்.

பிரி என்றால் எங்கள் பக்கம் கயிற்றின் புரி.
பிரி என்றால் பிரிப்பதும்தான்.
முறுக்கைத் திருப்பி மூன்றாக அவிழ்க்க வேண்டும்,
நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது.
நுனிகளை லைட்டரில் காட்டி
எச்சில் விரலால் உருட்டினேன்.
நீலத்துக்கு மெழுகுவத்தி வாசம்,
வெள்ளைக்கு என்ன வாசமென்று
இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு கைவிரல் கோப்பதுபோல்
இவன் பிரிக்கு நடுவில் அவன் பிரி,
அவன் பிரிக்கு நடுவில் இவன் பிரி.
நெஞ்சோடு நெஞ்சு முட்ட இழுத்து
கழுத்தில் ஒரு நூல்கட்டு.
ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கைக் கிளப்பி
ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே,
முறுக்குக்கு எதிராக.
முறுக்கோடு போனால் பார்க்க வழவழப்பாயிருக்கும்;
எனக்கு நம்பிக்கையில்லை.

நார்க்கயிற்றுக்கு மூன்று கோர்வை போதும்,
நாரை நார் பிடித்துக்கொள்ளும்.
நைலான் சத்தியம் செய்துவிட்டு வழுக்கும்.
அதற்கு ஐந்து.
எனக்குப் பயம், அதனால் ஆறு.

போட்டுகள் டயரோடு டயர் தேய்ந்து ஆடின.
யாராவது இழுத்துப் பிடிக்காமல் கோக்க முடியாது.
அவனவன் கயிற்றை அவனவன் பிடித்தான்.
நடுவில் ஒரு முழம், அதில் என் கைகள்.
முக்கால் மணி நேரம்.
"லூசா கீது."
"நீ இழு, நான் வுடறேன்."
"தலைவலி மாத்திர கீதா?"
"கீது. மேல வைக்கிறேன்."
இவ்வளவுதான். எல்லாம் என் தலைக்கு மேலே.

இழுவையில் கயிறு நீரைப் பிழிந்தது.
கோர்வை மட்டும் ஆவி விட்டதுபோல் தெரிந்தது,
தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.
விடிகிற நேரம் காசிமேடு,
ஐஸ் உடைக்கும் மிஷின் சத்தம்.

"என் கயிற அவுத்துக் குடு" என்றான் அருளப்பன்.
அவிழாது.
நாலு மணி நேரம் இழுபட்டதில்
ஆறு பிரியும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன,
ஸ்க்ரூ டிரைவர்தான் வளைந்தது.
வெட்ட வேண்டும்.
எங்கே வெட்டுவது?
நீலத்தில் வெட்டினால் கோர்வை அவனுக்கு,
வெள்ளையில் வெட்டினால் இவனுக்கு,
நடுவில் வெட்டினால் ஆளுக்கொரு சிக்கு.

"டேய் தேசிங்கு, நூலு நூலா கணக்குப் பாப்பியாடா?"
"நீ பாத்தியே, டீசல் கணக்குல?"
இரண்டு வருடத்தில் முதல்தடவை
பேர் சொல்லிக் கத்திக்கொண்டார்கள்.
டீசலில் தொடங்கி வலைக்குப் போய்
வலையிலிருந்து அருளப்பன் தங்கச்சி கல்யாணத்து மொய்க்குப் போனது.
கத்தி என் கையில்தான் இருந்தது.

நான் அதை மடித்து
லைட்டரோடு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
டீக்குப் போனேன்.
திரும்பி வந்தபோதும்
இரண்டு போட்டும் ஒரே கயிற்றில் கிடந்தன.
அவர்கள் மொய்யிலேயே இருந்தார்கள்.